‘உவர்’ கேட்ட பின்னேரம்

யதுசன்: ...அப்பிடியில்லை, தர்சினி. ஹெட்போனை மற்றக் காதிலையும் போடும். ஒரு காதாலை கேட்டால் பாதிதான் கேக்கும்.

தர்சினி: ஒரு காதை உங்களுக்காகத்தான் வெளியிலை விட்டனான். நீங்கள் இடையிலை ஏதும் கேப்பியள். பிறகு நான் என்ன, என்ன எண்டு கழட்ட வேணும்.

யதுசன்: நான் கையைத் தூக்கினால் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட்டுப் பதில் சொல்லும். அவ்வளவுதான்.

தர்சினி: வகுப்பிலை நான் பெடியளுக்குச் சொல்லுறதை நீங்கள் எனக்குச் சொல்லுறியள்.

யதுசன்: யன்னல் பக்கம் திரும்பி இருக்காதையும். இஞ்சை, இந்தக் கதிரையிலை. எனக்கு முன்னாலை.

தர்சினி: ஆளின்ரை முகத்தை ஆள் பாத்துக்கொண்டோ பாட்டுக் கேக்கிறது? பொம்பிளை பாக்க வந்த மாதிரியெல்லே கிடக்கு.

யதுசன்: இஞ்சைதான் வெளிச்சம் நல்லாயிருக்கு.

தர்சினி: பாட்டுக் கேக்க வெளிச்சம் ஏன்?

யதுசன்: ...இருமன். ஒரு நாளைக்கு நான் சொல்லுறதைக் கேட்டால் என்ன.

தர்சினி: சரி, இருந்திட்டன். எனக்கு ஒண்டுதான் விளங்கேல்லை. கோயில் திருவிழா, கலியாணவீடு, பள்ளிக்கூட விழா எண்டு வடமராட்சி முழுக்கச் சவுண்ட் செய்யிறது நீங்கள். நான் கணக்குப் படிப்பிக்கிறவள். லோஜன் தன்ரை பாட்டை உங்களுக்கு அனுப்பினால் அதை நான் ஏன் கேக்க வேணும்?

யதுசன்: நான் கேட்டுட்டன். கனதரம் கேட்டால் காது பழகிப்போடும், பிழை இருந்தாலும் பிடிபடாது. புதுக் காது ஒண்டு வேணும். இந்தப் பாட்டின்ரை மணமே தெரியாத காது.

தர்சினி: அதுக்கு என்ரை காதை விட்டால் ஆள் இல்லைத்தான்.

யதுசன்: நாளைக்கு வெளியிலை விடப்போறாங்கள். ‘நீ ஓம் எண்டு சொன்னால்தான் விடுவன்’ எண்டு மெசேஜ் போட்டிருக்கிறான். ரெண்டு வருசமா அவனும் குகதாசனும் உயிரைக் குடுத்துச் செய்தது. நான் சும்மா ஓம் எண்டு சொல்லேலாது.

தர்சினி: லோஜன் எண்டால், எங்கடை கலியாணத்துக்குக் கறுப்புச் சேட்டோடை வந்து அம்மாவிட்டைப் பேச்சு வாங்கினவர். குகதாசன் ஆர்?

யதுசன்: ட்ரம்ஸ் அடிக்கிறவன். நீர்வேலியிலை தேப்பன்ரை வாழைத்தோட்டம் பாக்கிறான். அங்கை வாழைக்குலை பழுக்கப்போடுற கொட்டிலுக்கைதான் ட்ரம்ஸைப் பதிவு செய்தது. அந்தச் சீமெந்துச் சுவரிலை சத்தம் பட்டு வாற விதம்... வேறை எங்கையும் வராது.

தர்சினி: குலையெல்லாம் அதிர்ச்சியிலை முந்திப் பழுத்திருக்கும்.

யதுசன்: தேப்பனும் அப்பிடித்தான் பேசினவராம்.

தர்சினி: இதுக்கு என்ன பேர் சொன்னனீங்கள்?

யதுசன்: பாட்டுக்கள் எல்லாத்துக்கும் சேத்து ‘உவர்’ எண்டு பேர். எங்கடை ஆறுதான். மாரியிலை நல்ல தண்ணி, கோடையிலை கடல் தண்ணி. ரெண்டும் கலந்து கிடக்கேக்கை இருக்கிற அந்த உவர்.

தர்சினி: அதில்லை. இந்த வகைக்கு.

யதுசன்: போஸ்ட் மெட்டல்.

தர்சினி: தபால் கந்தோர் மெட்டலோ.

யதுசன்: பகிடி விடாதையும். மெட்டல் எண்டால் என்னெண்டு உமக்குத் தெரியுமெல்லே.

தர்சினி: தெரியும். கலியாணம் கட்டின புதிசிலை ஒருநாள் போட்டுக் காட்டினனீங்கள். பக்கத்து வீட்டு இன்னாசித்தம்பி அண்ணை மதிலுக்கு மேலாலை எட்டிப் பாத்து, தம்பி, தண்ணி மோட்டர் இறுகிப்போச்சுப் போலை, நிப்பாட்டும் எண்டவர்.

யதுசன்: அது வெறும் மெட்டல். அவங்கள் எடுத்த உடனை அடிப்பாங்கள். இவங்கள் அவசரப்பட மாட்டாங்கள். புயல் வர முதல் கடல் எப்பிடிக் கிடக்கும், வானம் என்ன நிறம், காகமெல்லாம் எந்தப் பக்கம் பறக்கும்... எல்லாத்தையும் ஆறுதலாக் காட்டிப்போட்டுத்தான் புயலைக் கொண்டுவருவாங்கள். சிலவேளை கொண்டுவராமலே விட்டுடுவாங்கள். நீர் பாத்துக்கொண்டே இருப்பீர்.

தர்சினி: அப்ப பொறுமை வேணும்.

யதுசன்: பொறுமைதான் வேணும். போடட்டோ?

தர்சினி: போடுங்கோ.

யதுசன்: போட்டிட்டன்.

தர்சினி: ஒண்டுமில்லையே. தொடங்கீட்டுதோ?

யதுசன்: தொடங்கீட்டுது. திரையிலை ஓடுது பாரும். பொறும்.

தர்சினி: காத்து... காத்துத்தான் இரையுது. ம்... இப்ப கிற்றார். ஒரு கம்பியைத்தான் தட்டுறார். ஒருக்கா. பிறகு நிண்டு யோசிச்சு இன்னொருக்கா.

யதுசன்: அது லோஜன். தட்டினாப் பிறகு அந்தச் சத்தம் எப்பிடிப் போகுது? வெட்டின மாதிரி நிக்குதோ, கரைஞ்சு போகுதோ?

தர்சினி: கரையேல்லை... தூரப்போகுது. வள்ளம் போற மாதிரி. இருக்குது, ஆனா சின்னனாகிக்கொண்டு போகுது.

யதுசன்: நல்லது. அது நல்லது.

தர்சினி: ட்ரம்ஸ் வந்திட்டுது. ஓம், நீங்கள் சொன்னது சரி. பெரிய வெறும் வீட்டுக்கை ஆரோ நடக்கிற மாதிரிக் கேக்குது. ...இனித்தான் வரும்.

யதுசன்: என்ன வரும்?

தர்சினி: ...எல்லாம் ஏறிக்கொண்டு போகுது, அதுதான் சொன்னனான். ஐயோ. வந்திட்டுது.

யதுசன்: எடாதையும். தலையிடிச்சாலும் கொஞ்சம் பொறும். சத்தத்தைக் கேளாதையும், சத்தத்துக்குள்ளை என்ன கிடக்கு எண்டு கேளும்.

தர்சினி: சத்தத்துக்குள்ளை ஜெனரேட்டர் கிடக்கு.

யதுசன்: அதுக்குள்ளை?

தர்சினி: இன்னொரு ஜெனரேட்டர்.

யதுசன்: தர்சினி...

தர்சினி: பொறுங்கோ. பகிடி இல்லை. ...அடியிலை அந்த ஒத்தைக் கம்பி. முதல் தட்டினாரே, அது போகேல்லை. இவ்வளவு இரைச்சலுக்கும் கீழை நிண்டுகொண்டு அப்பிடியே தட்டிக்கொண்டிருக்கிறார். கொட்டுற மழைக்கை குடையில்லாமல் நிக்கிற ஆள் மாதிரி.

யதுசன்: கேக்குதோ? உமக்கு வடிவாக் கேக்குதோ அது?

தர்சினி: வடிவாக் கேக்குது. ஏன் அப்பிடிப் பாக்கிறியள்?

யதுசன்: அதைத்தான் அவன் முக்கியமாக் கேட்டவன். மூடிப்போச்சோ, மூடிப்போச்சோ எண்டு. அது மூடிப்போனால் இந்தப் பாட்டு வெறும் இரைச்சல். அது கேட்டால்தான்... இவ்வளவு நடந்தும் ஒண்டு மிஞ்சி நிக்குது எண்டு தெரியும்.

தர்சினி: மிஞ்சி நிக்குது. பயப்பிடாதேங்கோ. இப்ப ஆரோ கத்துறார். தமிழோ?

யதுசன்: தமிழ்தான். லோஜன்தான். சொல்லு விளங்கத் தேவையில்லை.

தர்சினி: சொல்லு விளங்கேல்லை. ஆனா இவர் கோபத்திலை கத்தேல்லை.

யதுசன்: எல்லாரும் கோபம் எண்டுதான் சொல்லுவினம்.

தர்சினி: இல்லை. இது கூப்பிடுறது. எங்கடை அப்பா கரையிலை நிண்டு மாமாவின்ரை வள்ளத்தைக் கூப்பிடுறது உப்பிடித்தான். எதிர்க்காத்து எண்டால் தொண்டை கிழியக் கத்த வேணும், அல்லாட்டி வள்ளத்துக்குப் போகாது. சின்னனிலை நான் பயந்து அழுதிருக்கிறன், அப்பா மாமாவோடை சண்டை பிடிக்கிறார் எண்டு. பிறகுதான் விளங்கினது, காத்து மாறீட்டுது, திரும்பி வா எண்டு கூப்பிடுறார்.

யதுசன்: உதை அவனுக்குச் சொல்ல வேணும். அவன் சந்தோசப்படுவான்.

தர்சினி: அடுத்தது தொடங்கீட்டுது. இதென்ன... இரும்பு இழுபடுற சத்தம்.

யதுசன்: பாலத்தடியிலை ஆத்துக்குக் கதவு இருக்கெல்லே, மழை வெள்ளம் ஏறினால் கடலுக்குத் திறந்து விடுறது. அந்தச் சத்தம். பாட்டின்ரை பேரும் ‘கதவு’தான். போன மாரியிலை நானும் லோஜனும் போய்ப் பதிவு செய்தது.

தர்சினி: அந்த மழைக்கை போய் நனைஞ்சுகொண்டு வந்தனீங்களே, அண்டைக்கோ?

யதுசன்: ஓம். அண்டைக்குத்தான். குடையை மைக்குக்குப் பிடிச்சம். நாங்கள் நனைஞ்சம்.

தர்சினி: பிறகு தடிமன், காய்ச்சல்.

யதுசன்: ...கதவு எந்தப் பக்கம் கேக்குது? இடமோ, வலமோ?

தர்சினி: இடப்பக்கம் தொடங்கி மெல்ல மெல்ல வலப்பக்கம் போகுது. கதவு எனக்கு முன்னாலை திறக்கிற மாதிரி. அது முழுக்கத் திறந்தாப் பிறகுதான் கிற்றார் எல்லாம் ஒண்டாப் பாயுது.

யதுசன்: பாயேக்கை உமக்கு என்ன செய்யுது?

தர்சினி: நெஞ்சு கொஞ்சம்... முதல் பாட்டிலை பயந்த மாதிரி இல்லை. இதிலை ஒரு ஆறுதல் இருக்கு. கனகாலம் அடைச்சு வைச்சதைத் திறந்து விட்ட மாதிரி.

யதுசன்: அதேதான்.

தர்சினி: மூண்டாவதை நிப்பாட்டாமல் கேக்கப்போறன். கையைத் தூக்காதேங்கோ. முடிஞ்சாப் பிறகு சொல்லுறன்.

யதுசன்: சரி. நான் பாத்துக்கொண்டு இருக்கிறன்.

தர்சினி: ...

யதுசன்: ...

தர்சினி: முடிஞ்சுது. அப்பாடி. இந்தப் பாட்டுக்குப் பேர் ‘வெள்ளம்’ எண்டால் சரிதான். ஒண்டு சொல்லட்டோ? ட்ரம்ஸ் அடிக்கிறவர் ஓரிடத்திலை பிந்துறார். பிழையெண்டு தெரியேல்லை, வேணுமெண்டுதான் பிந்துறார் போலை. மற்றவையெல்லாம் இழுத்துக்கொண்டு ஓடேக்கை இவர் மட்டும் ஒரு அடி பின்னுக்கு நிண்டு இழுத்துப் பிடிக்கிறார். அதாலைதான் அந்தப் பாரம் வருது.

யதுசன்: உதை நீரா கண்டுபிடிச்சனீர்?

தர்சினி: ஏன், கணக்கு ரீச்சருக்கு எண்ணத் தெரியாதோ.

யதுசன்: இல்லை... நான் அதைக் கண்டுபிடிக்க எத்தினையோ தரம் கேக்க வேண்டியிருந்திருக்கும். அடுத்ததைக் கவனமாக் கேளும். ‘நடுப்பகல்’. அதிலை ட்ரம்ஸ் இல்லை, கத்துறது இல்லை. எல்லாம் சரியான மெல்லிசு. அங்கைதான் பிழை விடுவாங்கள்.

தர்சினி: தொடங்குது. ...ஓம். மெல்லிசுதான். ரெண்டு கிற்றார். ஒண்டு கேக்குது, மற்றது மறுமொழி சொல்லுது.

யதுசன்: இரைச்சல் ஏதும் பின்னாலை? வயர் முனகுற மாதிரி?

தர்சினி: இல்லை. துப்புரவாக் கிடக்கு. வெய்யிலுக்கை ஆத்தங்கரையிலை தனிய இருந்தால் கேக்குமே, ஒண்டுமே இல்லாத ஒரு சத்தம். அது.

யதுசன்: இப்ப?

தர்சினி: இப்பவும் அதுதான். ஒரு கிற்றார் நிண்டிட்டுது. மற்றது தனியக் கேட்டுக்கொண்டிருக்கு. மறுமொழி இல்லை.

யதுசன்: இன்னும் படிக்குதோ?

தர்சினி: உங்களுக்குக் கேக்கேல்லையோ?

யதுசன்: எனக்கெப்பிடிக் கேக்கும்? ஹெட்போன் உம்மடை காதிலையெல்லே.

தர்சினி: வயரைப் பாருங்கோ. இந்தப் பாட்டுத் தொடங்கேக்கையே அதை நான் கழட்டிப்போட்டன். உங்களுக்குப் பின்னாலை இருக்கிற ஸ்பீக்கர் பெட்டியிலை படிக்குது. குசினிக்கை நிண்டாலும் கேக்கும்.

யதுசன்: பாட்டு எப்ப நிண்டது?

தர்சினி: நிக்கேல்லையப்பா. இன்னும் படிக்குது.

யதுசன்: ...நிப்பாட்டும்.

தர்சினி: நிப்பாட்டீட்டன். தலையைக் குனியாதேங்கோ. குனிஞ்சால் நான் கதைக்கிறதும் உங்களுக்குத் தெரியாது. என்னைப் பாருங்கோ. எவ்வளவு கேக்குது?

யதுசன்: வேறை சத்தம் இல்லாத இடத்திலை, உம்மை முன்னாலை வைச்சால் கேக்கும். பாதி காதாலை, பாதி உம்மடை வாயைப் பாத்து. இடக்காது போச்சு. வலது முந்தியே நல்லாயில்லை, இவ்வளவு காலம் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலை நிண்டது.

தர்சினி: பாட்டு?

யதுசன்: பெருஞ்சத்தம் எண்டால் தகரம் கிழியிற மாதிரி ஏதோ வரும். மெல்லிசு எண்டால் ஒண்டுமில்லை. இந்த ‘உவரை’ நான் எத்தினை தரம் போட்டுப் பாத்தன் தெரியுமே. திரையிலை கோடு ஏறி இறங்குது. அதுதான். கோட்டைப் பாத்துக்கொண்டு இருந்தன்.

தர்சினி: எப்ப தொடங்கினது?

யதுசன்: அந்தக் காய்ச்சலோடைதான். காய்ச்சல் விட்டுது, காது மட்டும் அடைச்ச மாதிரியே கிடந்தது. தடிமன்தானே, போகும் எண்டு இருந்திட்டன். தை பிறக்க எல்லா நாளும் கலியாண வீடு. ஏற்கனவே ஓம் எண்டு சொன்னதுகள். சத்தம் காட்டுற மீற்றரிலை ஊசி ஆடுறதைப் பாத்துப் பாத்துச் செய்தன். கரவெட்டியிலை ஒரு கலியாணத்திலை ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறார், எனக்கு எல்லாம் சரி போலைதான் கிடக்கு. திடீரெண்டு பாத்தால் மணவறையிலை பொம்பிளை ரெண்டு கையாலையும் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறா. முன்வரிசையிலை எல்லாரும் பொத்திக்கொண்டிருக்கினம். மைக் கீச்சிட்டிருக்கு. எவ்வளவு நேரம் எண்டு எனக்குத் தெரியாது. பொம்பிளையின்ரை தமையன் ஓடிவந்து என்ரை கையைத் தட்டிவிட்டுட்டு வயரைப் பிடுங்கினவர்.

தர்சினி: அதுக்குப் பிறகுதான் ஸ்பீக்கர் அம்ப் பழுது, திருத்தக் குடுத்திருக்கு எண்டு வாறவையை எல்லாம் அனுப்பினனீங்கள்.

யதுசன்: சவுண்ட்காரனுக்குக் காது கேளாது எண்டால் பிறகு ஆர் கூப்பிடுவினம். மாசி மாதம் யாழ்ப்பாணத்திலை ஒரு காது டொக்டரிட்டை உமக்குச் சொல்லாமல் போனனான். நல்ல மனுசன். காய்ச்சலோடையே வந்திருந்தால் மருந்து குடுத்துப் பாத்திருக்கலாம், இனிக் கஷ்டம் எண்டவர். ஏன் வந்தது எண்டு கேட்டன். சொல்லேலாது, சிலருக்கு இப்பிடி வரும் எண்டவர். ஆக்கள் கதைக்கிறதைக் கேக்கக் காதுக்கு மெசின் போடலாம், பாட்டுக்கு அது சரிவராது எண்டார். நான் அதோடை எழும்பி வந்திட்டன்.

தர்சினி: என்னட்டை ஏன் சொல்லேல்லை? ஊருக்கு ஒளிச்சது விளங்குது. எனக்கு ஏன்? நான் கிணத்தடியிலை நிண்டு கூப்பிட்டுக் கூப்பிட்டு, நீங்கள் திரும்பியும் பாக்காமல் போறதைப் பாத்து என்ன நினைச்சன் தெரியுமே? இவருக்கு என்னிலை வெறுத்துப்போச்சு எண்டு நினைச்சன். நித்திரைக்குப் போகேக்கை இருட்டுக்கை நான் ஏதும் சொன்னால் மறுமொழி இல்லை. நான் என்ன பிழை செய்தன், என்ன பிழை செய்தன் எண்டு யோசிச்சு யோசிச்சு... அம்மா வீட்டை கொஞ்ச நாள் போய் இருப்பமோ எண்டும் நினைச்சன்.

யதுசன்: அப்பிடி இல்லை.

தர்சினி: அப்ப சொல்லுங்கோ.

யதுசன்: சொன்னால் உமக்கு நோகும்.

தர்சினி: சொல்லாமல் விட்டது நோகேல்லை எண்டோ நினைக்கிறியள்.

யதுசன்: ...உம்மடை குரல்.

தர்சினி: என்ரை குரலுக்கு என்ன?

யதுசன்: நான் உம்மை முதல் முதல் கண்டது முகத்தை இல்லை. பரிசளிப்பு விழாவுக்கு மைக் பூட்டிப்போட்டு மேடைக்குப் பின்னாலை வயர் இழுத்துக்கொண்டு நிக்கிறன். நீர் முன்னாலை நிண்டு பிள்ளையளின்ரை பேர் வாசிக்கிறீர். நான் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு அப்பிடியே இருந்திட்டன். வயரை இழுக்கேல்லை. இப்ப நீர் கதைக்கேக்கை... சொல்லு விளங்குது. ஆனா அது உம்மடை குரல் இல்லை, தர்சினி. ஆரோ தகரப்பேணிக்குள்ளாலை கதைக்கிற மாதிரி. உம்மடை வாய் அசையுது, வேறை ஆரின்ரையோ சத்தம் வருது. அதை நான் எப்பிடி உமக்குச் சொல்லுறது? சொல்லாமல் இருந்தால் ஒருநாள் விடியத் திரும்பி வந்திடும் எண்டு... அப்பிடி நினைச்சுக்கொண்டிருந்தன். நொந்துபோச்சோ.

தர்சினி: ஓம். நொந்தது. ஆனா என்ரை கையைப் பிடிச்ச கையை எடாதேங்கோ. அப்பிடியே பிடிச்சிருங்கோ. முந்தி எப்பிடி இருந்தது எண்டு ஞாபகம் இருக்கோ?

யதுசன்: இருக்கு. அது போகேல்லை.

தர்சினி: அப்ப சரி.

யதுசன்: இனி லோஜனுக்கு என்ன சொல்லுறது? நாளைக்குப் பதில் குடுக்க வேணும். நீர் சொன்னதெல்லாத்தையும் நான் சொன்ன மாதிரி எழுதி அனுப்புவம் எண்டுதான் இருந்தனான். வெக்கமாக் கிடக்கு.

தர்சினி: ஒண்டும் எழுத வேண்டாம். ‘உவர்’ போன மாசமே வெளியிலை வந்திட்டுது.

யதுசன்: என்ன?

தர்சினி: நீங்கள் பாட்டுப் பக்கமே போறேல்லை எண்டு லோஜனுக்குத் தெரியும். அதுதான் நாளைக்கு விடப்போறம் எண்டு துணிஞ்சு பொய் சொன்னவர். இஞ்சை பாருங்கோ, ஆறுதலாச் சொல்லுறன். போன மாசம் லோஜன் கொடிகாமத்திலை எங்கடை பள்ளிக்கூட வாசலுக்கு வந்தவர். வாச்சர் கூப்பிட்டுச் சொன்னார், ரீச்சர், தாடியோடை ஒரு ஆள் வந்து நிக்குது எண்டு. நான் என்னவோ ஏதோ எண்டு ஓடிப்போனன். அவர் உங்களுக்கு முதல் ஒருக்காப் போனுக்குப் பாட்டு அனுப்பினவராம். கைதவறி ஒரு காதுப் பக்கம் முழுக்க வெறுமையாப் போன பதிவை அனுப்பிப்போட்டாராம். பிறகு கண்டுபிடிச்சு, யதுசன் என்னைக் கிழிகிழியெண்டு கிழிப்பான் எண்டு பாத்துக்கொண்டிருந்தாராம். நீங்கள் ‘நல்லாயிருக்கு, ரெண்டு பக்கமும் சமனா நிக்குது’ எண்டு எழுதியிருக்கிறியள். வாசல் வேப்பமரத்துக்குக் கீழை நிண்டு அழுதவர். அண்டைக்கு மழைக்கை தான்தான் உங்களைக் கூட்டிக்கொண்டு போனவராம், தன்னாலைதான் எண்டு. நான் சொன்னன், காய்ச்சல் ஆருக்கும் வரும், நீங்கள் கொண்டுவரேல்லை எண்டு. அவர் கேக்கேல்லை.

யதுசன்: அவனிலை ஒரு பிழையும் இல்லை. நான்தான் போவம் எண்டு நிண்டனான்.

தர்சினி: அதை நீங்கள்தான் அவருக்குச் சொல்ல வேணும். எனக்கு அண்டைக்கே வீட்டை வந்து உங்களைப் பிடிச்சுக் கேக்க வேணும் போலை இருந்தது. அவர்தான் மறிச்சவர். கேட்டால் இல்லை எண்டுதான் சொல்லுவான், அவனுக்கு ஒரு சாட்டுக் குடுங்கோ, அவனா வந்து உங்களிட்டைக் கேக்கட்டும் எண்டார். அதுக்குத்தான் அந்த மெசேஜ்.

யதுசன்: அப்ப ரெண்டு பேரும் சேந்து என்னை வைச்சு நாடகம் போட்டிருக்கிறியள்.

தர்சினி: ஓம். நீங்கள் மாரியிலையிருந்து தனியப் போட்டனீங்கள். கோவிக்க வேணுமெண்டால் கோவியுங்கோ. செவ்வாய்க்கிழமை நான் லீவு எடுத்திருக்கிறன். யாழ்ப்பாணம் போறம். அந்த டொக்டரிட்டையே.

யதுசன்: மெசினோடை மேடைக்குப் பக்கத்திலை போய் நிண்டால் சனம் சிரிக்கும்.

தர்சினி: சனத்தைப் பிறகு பாப்பம். கிணத்தடியிலை நிண்டு நான் கூப்பிட்டால் கேக்குமோ?

யதுசன்: கேக்கும் எண்டுதான் அவர் சொன்னவர். குரல் எப்பிடி வரும் எண்டு தெரியாது.

தர்சினி: எப்பிடியும் வரட்டும். திரும்பிப் பாத்தால் போதும்.

யதுசன்: ...வாறன். செவ்வாய்க்கிழமை வாறன்.

தர்சினி: வெளிக்கிடேக்கை அம்ப் பழுது எண்டு சொல்லப்படாது.

யதுசன்: சொல்லமாட்டன். ...தர்சினி.

தர்சினி: என்ன.

யதுசன்: இன்னொரு பாட்டு இருக்கெல்லே. கடைசி. ‘நல்ல தண்ணி’ எண்டு பேர். அதிலைதான் எல்லாம் முடியுது எண்டு லோஜன் முந்தி ஒருக்காச் சொன்னவன். கோட்டைப் பாத்தால் தொடக்கமும் முடிவும் தவிர ஒரே உயரத்திலை போகுது, ஏத்தம் இறக்கம் ஒண்டும் இல்லை. அதுக்குள்ளை என்ன இருக்கு எண்டு எனக்கு விளங்கவே இல்லை. உமக்கு அலுப்பில்லையெண்டால்...

தர்சினி: சொல்லுறன். இப்பிடி என்னைப் பாத்துக்கொண்டு இருங்கோ. முதல் ட்ரம்ஸ்தான் வருது, ஆனா கம்பாலை அடிக்கேல்லை, வெறுங்கையாலை தோலைத் தட்டுற மாதிரி. மெல்ல. ஆரோ கதவைத் தட்டிப்போட்டுத் திறக்கும் வரைக்கும் நிக்கிற மாதிரி. பிறகு கிற்றார் எல்லாம் சேந்து ஒரே ஒரு ராகத்தைப் பிடிக்குது. சண்டை இல்லை, கேள்வி மறுமொழி இல்லை. எல்லாம் ஒரே பக்கம் நடக்குது. இவ்வளவு நேரமும் கேட்ட ஆளுக்கு இனிப் பெரிசா ஒண்டு வரப்போகுது எண்டு படும். கதிரையைப் பிடிச்சுக்கொண்டு இருப்பியள். அது வராது. வராது எண்டு விளங்கிற இடத்திலை லோஜன் பாடத் தொடங்குறார். கத்தேல்லை, பாடுறார். நல்ல குரல் இல்லை, கொஞ்சம் நடுங்குது, ஒரு சொல்லிலை உடையுது, அதைத் திருத்தாமல் அப்பிடியே விட்டிருக்கினம். அவருக்குப் பின்னாலை இன்னும் கொஞ்சப் பேர் சேருகினம், பாடத் தெரியாத ஆக்கள், வாழைத்தோட்டத்திலை வேலை செய்யிற ஆக்களாக் கூட இருக்கலாம். ஒருத்தர் முந்துறார், ஒருத்தர் பிந்துறார். அந்தக் கோடு ஏன் ஏறி இறங்கேல்லை எண்டால், இதிலை ஒருத்தரும் ஒருத்தரையும் மேவேல்லை. முடியேக்கை முடிஞ்ச மாதிரியே இருக்காது. ஒவ்வொருத்தரா விட்டிட்டுப் போகினம். கடைசியா ஒரு பொம்பிளைக் குரல் மட்டும் மிஞ்சி, ‘இனி அள்ளுங்கோ’ எண்டு சொல்லி நிக்குது.

யதுசன்: ...தர்சினி. நீர் இன்னும் அந்தப் பாட்டைப் போடேல்லையே. திரை அப்பிடியே நிக்குது.

தர்சினி: தெரியும். லோஜன் இதைத் தந்திட்டுப் போன நாளிலையிருந்து, கொடிகாமம் போற பஸ்ஸிலையும் வாற பஸ்ஸிலையும் நான் இதைத்தான் கேக்கிறன். முதல் கிழமை தலையிடியோடைதான் பள்ளிக்கூடத்திலை இறங்கினனான். பிறகு ஒருநாள் வரணி தாண்டேக்கை, கண்டக்டர் மிச்சக்காசு தாறார், நான் கையை நீட்டாமல் அழுதுகொண்டிருக்கிறன். அண்டைக்குத்தான் எனக்கு இது பிடிபட்டது. உங்களுக்குச் சொல்ல வேணுமெண்டால், முதல் எனக்குக் கேக்கத் தெரிய வேணுமே.